எக்கோ டாட் 5-ஆம் தலைமுறை: கணக்கு யார் பெயரில்?

பேச்சால் இயக்கும் ஸ்பீக்கரான அமேசானின் எக்கோ டாட் ஐந்தாம் தலைமுறை 2023 மார்ச்சில் 5,499 ரூபாய் விலையில் இந்தியாவுக்கு வந்தது. தள்ளுபடி நாட்களில் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். உள்ளங்கையில் அடங்கிவிடும் உருண்டை, 44 மில்லிமீட்டர் ஸ்பீக்கர். பேட்டரி கிடையாது. முந்தைய தலைமுறையில் இருந்த 3.5 மி.மீ. ஆடியோ துளையையும் எடுத்துவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவை வெப்பநிலை சென்சார், தலையில் தட்டினால் பாட்டை நிறுத்தும் வசதி. அறையில் ஆள் நடமாட்டத்தை உணரும் அல்ட்ராசவுண்டும் உண்டு. ஒலித்தரம் ஒரு படுக்கையறைக்குப் போதும். நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும் ஹாலுக்குப் போதாது. பாட்டுக்காக மட்டும் வாங்குபவர்கள் இதே விலையில் ஒரு நல்ல புளூடூத் ஸ்பீக்கர் வாங்கிக்கொள்ளலாம். லைட்டையும் ஃபேனையும் ஹீட்டரையும் இதன் பொறுப்பில் விடலாமா என்று யோசிப்பவர்களுக்காகத்தான் மேற்கொண்டு எழுதுகிறோம்.

முதலில் மொழி. டாட்டுக்குள் இருந்து பதில் சொல்லும் குரல் உதவியாளர் அலெக்ஸா இந்தியாவில் ஆங்கிலமும் இந்தியும் பேசும். தமிழ் கிடையாது. தமிழ்ப் பாட்டுப் போடும், படத்தின் பெயரைச் சொன்னால் பல நேரம் பிடித்துக்கொள்ளும். ஆனால் "லைட்டை அணை" என்று சொன்னால் புரியாமல் விழிக்கும். இந்தச் சொல்லுக்கு இந்த வேலை என்று முன்கூட்டியே அமைக்கும் ரொட்டீன் பகுதியில் ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொற்றொடரைத் தட்டச்சு செய்து வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வைக்கலாம், ஆனால் நம்பியிருக்க முடியாது. பேச்சை எழுத்தாக்கும் பகுதி தமிழ் ஒலிகளுக்குப் பழகியதல்ல. ஆகவே வீட்டில் தமிழ் மட்டும் பேசும் பாட்டி, காலையில் வேலைக்கு வரும் அக்கா, நாலு வயதுக் குழந்தை ஆகியோருக்குச் சுவரில் இருக்கும் சுவிட்ச் வேலை செய்தே ஆகவேண்டும். எதை வாங்கினாலும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

சுவிட்ச் போர்டில் தொடங்கும் சிக்கல்

பெரும்பாலானோர் முதலில் வாங்குவது ஸ்மார்ட் பல்பு. கழற்றி மாட்டினால் முடிந்தது, எலக்ட்ரீஷியன் வேண்டாம். நம் வீடுகளுக்கு மிக மோசமாகப் பொருந்துவதும் அதுதான். யாராவது பழக்கத்தில் சுவிட்சை அணைத்துவிட்டால் பல்புக்கு மின்சாரம் போய்விடும், அப்புறம் அலெக்ஸா எத்தனை முறை கூப்பிட்டாலும் அது பதில் தராது. அடுத்த தொல்லை கரண்ட் கட். இரவு இரண்டு மணிக்குப் போன கரண்ட் இரண்டரைக்குத் திரும்பினால், படுக்கையறை பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து எல்லோரையும் எழுப்பும். மின்சாரம் திரும்பியதும் என்ன செய்யவேண்டும் என்பதற்கு நல்ல பல்புகளின் ஆப்பில் தனி அமைப்பு இருக்கும்: எரி, எரியாதே, கடைசியாக எப்படி இருந்தாயோ அப்படி இரு. மூன்றாவதைத் தேர்ந்தெடுங்கள். மலிவான பல்புகள் பலவற்றில் இந்த அமைப்பே இருக்காது. வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

சரியான வழி, சுவிட்சுக்குப் பின்னால் போர்டுக்குள் வைக்கும் சின்ன மாட்யூல். பழைய சுவிட்சும் வேலை செய்யும், ஆப்பும் வேலை செய்யும். இதற்கு நியூட்ரல் வயர், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வயர், வேண்டும். நம் வீடுகளில் லைட்டுக்கான நியூட்ரல் பெரும்பாலும் போர்டுக்கு வராமல் நேராக லைட்டுக்கே போய்விடும். ஆனால் அதே போர்டில் 5 ஆம்ப் சாக்கெட் ஒன்று இருந்தால் கவலையில்லை. சாக்கெட்டுக்கு நியூட்ரல் இல்லாமல் வேலையே இல்லை, அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். போர்டில் ஒரே எம்சிபி-யின் (மெயின் பெட்டியில் ஒரு லைனைக் காக்கும் சுவிட்ச்) ஃபேஸும் (மின்சாரம் வரும் வயர்) நியூட்ரலும்தான் இருக்கின்றனவா என்று எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும். வேறு சர்க்யூட்டின் நியூட்ரலை இழுத்துக் கொடுத்தால், மின்கசிவைக் கண்டு லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி அடிக்கடி விழும்.

நியூட்ரல் இல்லாமலே வேலை செய்யும் மாட்யூல்களும் உண்டு. அவை தாம் உயிரோடு இருப்பதற்காக, அணைத்த பிறகும் பல்பு வழியாகத் துளி மின்சாரத்தைக் கடத்திக்கொண்டே இருக்கும். பழைய குண்டு பல்பில் அது தெரியாது. எல்இடியில் தெரியும்: அணைத்த லைட் மங்கலாக ஒளிரும், அல்லது விநாடிக்கு ஒருமுறை மின்னும். கூடவே கொடுக்கும் சின்ன கெபாசிட்டரை லைட்டின் இரு முனைகளுக்கும் குறுக்கே இணைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

மாட்யூலில் எஸ்1, எஸ்2 என்று குறித்த முனைகளில்தான் பழைய சுவிட்ச் சேரும். கவனம் வேண்டிய இடம் இது. சில மாட்யூல்களில் இந்த முனைகளுக்கு ஃபேஸ் போகவே கூடாது; வேறு சிலவற்றில் ஃபேஸ் வழியாகத்தான் சுவிட்ச் இயங்கும். கூட வரும் படத்தைப் பார்க்காமல், போன வீட்டில் செய்ததைப் போலவே இங்கும் செய்தால் மாட்யூல் ஒரு சத்தத்தோடு போய்விடும். போர்டு பெட்டியின் ஆழமும் முக்கியம். ஆறு சுவிட்ச் போர்டில் ஏற்கெனவே வயர் பிதுங்கிக்கொண்டிருந்தால் மாட்யூலை அமுக்கி மூடாதீர்கள். சூடு வெளியேற இடம் வேண்டும்.

ஃபேனுக்குச் சாதாரண ரிலே (மின்சாரத்தால் தானே இயங்கும் சுவிட்ச்) மாட்யூல் வைத்தால் போடலாம், நிறுத்தலாம், வேகத்தை மாற்ற முடியாது. வேகமும் வேண்டுமென்றால் கெபாசிட்டர் வகை ஃபேன் மாட்யூல் கேட்டு வாங்குங்கள்; பழைய ரெகுலேட்டரை அந்த லைனிலிருந்து எடுத்துவிட வேண்டும். விளக்குக்கான டிம்மரை ஃபேனுக்குக் கொடுத்தால் ஃபேன் முனகும், சூடாகும். ரிமோட்டோடு வரும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி ஃபேனுக்கு எந்த ரெகுலேட்டரும் குறுக்கே வரக்கூடாது. எக்கோ டாட்டில் இன்ஃப்ராரெட் கிடையாது, ஆகவே அந்த ஃபேனைக் குரலால் இயக்க, ரிமோட்டைப் போல இன்ஃப்ராரெட் அனுப்பும் ஐஆர் பிளாஸ்டர் தனியாக வாங்க வேண்டும். தலையணைக்குப் பக்கத்தில் ரிமோட் இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்பது எங்கள் கருத்து.

ஹீட்டர், மோட்டார் இரண்டிலும் விளையாடக் கூடாது. 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்ப் இழுக்கும். 3,000 வாட் என்றால் 13 ஆம்ப். 10 ஆம்ப் ஸ்மார்ட் பிளக்கை இரண்டாவதில் மாட்டினால் முதலில் பிளாஸ்டிக் மஞ்சளிக்கும், பிறகு உருகும். 16 ஆம்ப் பிளக் வேண்டும், அதிலும் 20 நிமிடத்தில் தானாக அணையும் டைமரை பிளக்கின் ஆப்பிலேயே போட்டுவையுங்கள். அலெக்ஸாவில் மட்டும் போட்டால் இணையம் இல்லாத நாளில் ஹீட்டர் அணையாது. போர் மோட்டாரோ புறப்படும் நொடியில் வழக்கமான மின்சாரத்தைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். மாட்யூலின் ரிலே முனைகள் அந்தப் பொறியில் ஒட்டிக்கொண்டால், ஆப் "அணைந்தது" என்று காட்டும், மேல் தொட்டியோ வழிந்துகொண்டிருக்கும். மாட்யூல் ஒரு கான்டாக்டரை (மோட்டாரின் சுமையைத் தாங்கும் பெரிய சுவிட்ச்) இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும்.

இவ்வளவும் முடித்தபின் எக்கோ டாட் நன்றாகவே செய்யும் வேலைகள் எளியவை. கையில் மாவு ஒட்டியிருக்கும்போது "பத்து நிமிடம் டைமர்" என்று சொல்வது. மாத்திரை நேரத்தை நினைவூட்டுவது. முழங்கால் வலிக்காரர் எழாமலே ஹால் லைட்டை அணைப்பது. மின்செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். 2 வாட் என்று வைத்துக்கொண்டால் நாள் முழுக்க ஓடினாலும் மாதம் ஒன்றரை யூனிட்டுக்குள் முடிந்துவிடும்.

யார் கேட்கிறார்கள்

"எப்போதும் ஒட்டுக்கேட்கிறதா?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. அழைக்கும் சொல்லுக்காக மைக் எப்போதும் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பு கருவிக்குள்ளேயே நடக்கிறது. சொல் விழுந்ததாக அதற்குத் தோன்றியதும் நீல விளக்கு எரியும், அதற்குப் பின் பேசுவது அமேசானின் சர்வருக்குப் போகும். "தோன்றியதும்" என்பதில்தான் ஓட்டை. டிவியில் யாரோ பேசியது, வீட்டில் அலெக்ஸ் என்று ஒரு பையன் இருப்பது, இரண்டுமே போதும். 2018-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் ஒரு தம்பதியின் பேச்சைத் தவறாகப் புரிந்துகொண்ட எக்கோ, அதைப் பதிவு செய்து, சியாட்டிலில் இருந்த ஒருவருக்கு அனுப்பிவைத்தது. பேச்சின் நடுவே விழுந்த சொற்களைக் கட்டளைகளாக எடுத்துக்கொண்டதே காரணம் என்று அமேசானே விளக்கம் சொன்னது. உங்கள் வீட்டில் அலெக்ஸ் இருந்தால் அழைக்கும் சொல்லை "எக்கோ" என்றோ "கம்ப்யூட்டர்" என்றோ மாற்றிவிடுங்கள். கருவியின் செட்டிங்ஸில் சவுண்ட்ஸ் பகுதிக்குப் போய், கேட்கத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஒலி எழுப்பும் அமைப்பையும் போட்டுவையுங்கள். விளக்கைப் பார்க்காதவர்களுக்கும் அது கேட்கும்.

அமேசானின் பழைய கதையையும் பார்த்துவிடலாம். அலெக்ஸாவின் குரல் பதிவுகளில் ஒரு பகுதியை ஊழியர்கள் கேட்டுத் திருத்துகிறார்கள் என்பது 2019 ஏப்ரலில் வெளிவந்தது. அதன்பிறகே அதை மறுக்கும் வசதி வந்தது. 2023-இல், குழந்தைகளின் குரல் பதிவுகளைக் காலவரையின்றி வைத்திருந்தது, பெற்றோர் நீக்கச் சொன்னதைச் சரியாக நிறைவேற்றவில்லை என்ற குற்றச்சாட்டில் அமெரிக்க அரசுடன் 2.5 கோடி டாலர் செலுத்தித் தீர்த்துக்கொண்டது. 2025 மார்ச் 28 முதல், பேச்சை சர்வருக்கு அனுப்பாமல் கருவியிலேயே கையாளும் வசதியை நிறுத்தியது. அந்தச் செய்திக்கு இங்கேயும் பலர் பதறினார்கள். அமெரிக்காவில், ஆங்கிலத்தில், மூன்று மாடல்களுக்கு மட்டும் இருந்த வசதி அது. இந்தியாவில் விற்கும் இந்த டாட்டுக்கு எப்போதுமே இருந்ததில்லை. நம் பேச்சு முதல் நாளிலிருந்தே அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறது.

ஆனால் தமிழ்க் குடும்பத்தில் அமேசானைவிட நெருக்கமான காது ஒன்று உண்டு: கருவியைத் தன் பெயரில் பதிவு செய்தவர். அலெக்ஸா ஆப்பைத் திறந்து வாய்ஸ் ஹிஸ்டரிக்குப் போனால் வீட்டில் யார் என்ன கேட்டார்கள் என்பது தேதி, நேரத்தோடு எழுத்தாக இருக்கும். குரலையும் போட்டுக் கேட்கலாம். மருமகள் மதியம் எந்த மருத்துவரைப் பற்றிக் கேட்டாள், மகன் இரவு எத்தனை மணிக்கு லைட்டை அணைத்தான், எல்லாமே மாமனார் கையில் இருக்கும் போனில். ஸ்மார்ட் பிளக், பல்பு இவற்றின் இயக்க வரலாறும் தனியாகச் சேர்கிறது. யார் எப்போது எழுந்தார்கள், எப்போது வீட்டில் ஆள் இல்லை என்பதை அதிலிருந்தே சொல்லிவிடலாம்.

டிராப் இன் என்ற அழைப்பு வசதி இன்னும் மோசம். அனுமதி பெற்ற ஒருவர் அழைத்தால் இந்தப் பக்கம் யாரும் எடுக்கவே வேண்டாம்; ஒரு சிறு ஒலி, பச்சை விளக்கு, அவ்வளவுதான், அறையில் பேசுவது அந்த முனையில் கேட்கத் தொடங்கிவிடும். தனியாக இருக்கும் வயதான பெற்றோரின் வீட்டில், அவர்கள் தெரிந்து ஒப்புக்கொண்டால், உண்மையிலேயே பயனுள்ள வசதி. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிருக்கும் அறையில் அதே வசதி வேவு. இந்தியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஆனால் ஒரு தனிநபர் சொந்த, வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவு அந்தச் சட்டத்துக்குள் வராது. நிறுவனத்திடம் கேள்வி கேட்க அந்தச் சட்டம் உதவும். மாமனாரிடம் கேள்வி கேட்க உதவாது. வீட்டுக்குள் பேசித்தான் முடிவு செய்யவேண்டும், பெட்டியைப் பிரிக்கும் முன்பே. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடமும் சொல்லிவிடுங்கள்.

வாங்கிய அன்றே செய்யவேண்டியவை இவை. ஆப்பில் மோர், செட்டிங்ஸ், அலெக்ஸா பிரைவசி என்று போய், அலெக்ஸா டேட்டாவை நிர்வகிக்கும் பக்கத்தைத் திறங்கள். குரல் பதிவுகளை எவ்வளவு காலம் வைக்கலாம் என்ற கேள்விக்கு "வைக்க வேண்டாம்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரின் குரலையும் பிரித்தறியும் வாய்ஸ் ஐடி அப்போது வேலை செய்யாது. எழுத்து வடிவம் 30 நாள் வரை இருக்கும். வாய்ஸ் ஐடி தேவையென்றால் மூன்று மாதம் என்று வையுங்கள். அதே பக்கத்தில் குரலைப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் பொத்தானை அணையுங்கள், ஸ்மார்ட் ஹோம் வரலாற்றுக்கும் கால வரம்பு போடுங்கள். பிறகு ஒவ்வொரு கருவியின் செட்டிங்ஸிலும் கம்யூனிகேஷன்ஸுக்குள் போய் டிராப் இன்னை ஆஃப் செய்யுங்கள். அல்ட்ராசவுண்ட் நடமாட்ட உணர்வியை ரொட்டீனுக்குப் பயன்படுத்தாவிட்டால் அதையும் நிறுத்துங்கள். அலெக்ஸா தானாக ஊகித்து லைட்டை அணைக்கும் ஹன்சஸ் வசதியும் வேண்டாம். ஊகிக்க வேண்டுமென்றால் உங்கள் பழக்கத்தைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா. போனில் அலெக்ஸா ஆப்புக்குத் தொடர்புப் பட்டியல் அனுமதி தேவையில்லை. தராவிட்டால் அழைப்பு வசதிதான் போகும். பல்பு நிறுவனத்தின் ஆப் கேட்கும் இருப்பிட அனுமதி, ஆண்ட்ராய்டில் இணைக்கும் நேரத்துக்கு வேண்டியிருக்கலாம். இணைந்தபின் திரும்பப் பெற்றுவிடுங்கள்.

மேலே இருக்கும் மைக் பொத்தானை அழுத்தினால் சிவப்பு வளையம் எரியும், மைக்குக்கான மின் இணைப்பே துண்டிக்கப்படும். டைமரும் அலாரமும் ஏற்கெனவே போட்டிருந்தால் அப்போதும் ஓடும். குடும்பப் பேச்சு நடக்கும்போது அழுத்திவிடும் பழக்கம் நல்லது. படுக்கையறையில் அதை இரவு பகலாகச் சிவப்பிலேயே வைக்கத் தோன்றுகிறதென்றால் அந்த அறைக்குக் கருவியே வேண்டாம். கேமரா இல்லாத மாடல் என்பது டாட்டின் பெரிய நிறை. வீட்டுக்குள் கேமரா வைப்பவர்கள் 2024 பிப்ரவரியை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்: அமெரிக்காவில் பிரபலமான ஒரு மலிவு விலைக் கேமராவின் சேவையில், சுமார் 13,000 பேரின் ஆப்பில் மற்றவர் வீட்டுக் கேமராப் படங்கள் தோன்றின. வாசலில் வையுங்கள், ஹாலில் வேண்டாம்.

வைஃபையும் கரண்ட்டும்

ஸ்மார்ட் பல்பு, பிளக் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும். ரவுட்டர் 2.4, 5 இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் முதல் இணைப்பு சில நேரம் பாதியில் நின்றுவிடும். இணைக்கும் நேரத்துக்கு 5-ஐ அணைத்துவைத்தால் சரியாகிவிடும். பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தாலும் பல கருவிகள் சேராது. டபிள்யூபிஏ2 என்று மாற்றுங்கள். ஸ்மார்ட் கருவிகளைத் தனி கெஸ்ட் வைஃபையில் போடும்படி எல்லோரும் சொல்வார்கள். நல்ல யோசனை, லேப்டாப்பும் மலிவு விலை பல்பும் ஒரே இடத்தில் இருக்க வேண்டாம். ஆனால் கெஸ்ட் வைஃபையில் கருவிகள் ஒன்றையொன்று பார்க்கவிடாத அமைப்பு வழக்கமாக ஆன் செய்திருக்கும். எக்கோ டாட் ஒரு மேட்டர் கன்ட்ரோலர்; மேட்டர் என்பது பல நிறுவனங்களின் ஸ்மார்ட் கருவிகளுக்கும் பொதுவான மொழி. மேட்டர் பிளக்கோடு வீட்டு வைஃபை வழியாகவே நேராகப் பேசும். பார்க்கவிடாவிட்டால் "கருவி பதிலளிக்கவில்லை" என்றுதான் வரும். எக்கோவையும் பிளக்குகளையும் ஒரே நெட்வொர்க்கில் போட்டு, அவற்றுக்குள் அந்தத் தடையை மட்டும் எடுத்துவிடுங்கள்.

புதிதாக வாங்கும் பிளக்கிலும் மாட்யூலிலும் மேட்டர் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நாளை அலெக்ஸாவை விட்டு வேறு எதற்குப் போனாலும் சுவருக்குள் இருக்கும் பொருளை மாற்ற வேண்டியதில்லை. நிறுவனத்தின் சர்வரை மட்டுமே நம்பும் பொருட்களின் கதை தெரிந்ததுதான்: 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற அமெரிக்க நிறுவனம் முன்னறிவிப்பில்லாமல் சர்வரை நிறுத்த, வீடுகளில் ஆப் செத்துப்போனது. மேட்டர் இருந்தாலும் குரல் மட்டும் அமேசானின் சர்வருக்குப் போயே ஆகவேண்டும். 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் வர்ஜீனியா டேட்டா சென்டர் பிரிவில் கோளாறு வந்தபோது, உலகின் பல ஊர்களில் அலெக்ஸா பதில் தரவில்லை.

கரண்ட் போனால் டாட்டும் போகும். இன்வெர்ட்டர் இருந்தால் ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் டாட்டையும் அந்த லைனில் சேருங்கள். இல்லையென்றால் ரவுட்டருக்கு மட்டுமாவது ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ். அடாப்டரின் வோல்ட்டும் ஆம்பும் பொருந்துகின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

உங்கள் கவலை முழுவதும் பேச்சும் தரவும் வீட்டுக்கு வெளியே போவதுபற்றித்தான் என்றால் ஹோம் அசிஸ்டன்ட் இருக்கிறது. பழைய கம்ப்யூட்டரிலோ ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டரிலோ ஓடும் இலவச மென்பொருள், எல்லாமே வீட்டுக்குள். ஜிக்பீ (வைஃபையைப் போன்ற இன்னொரு வயர்லெஸ் முறை) யுஎஸ்பி குச்சி ஒன்று சேர்த்தால் வைஃபையே இல்லாத சுவிட்சுகளையும் இயக்கும். ஆனால் அதைப் பராமரிக்க வீட்டில் ஒருவர் வேண்டும், அவர் வெளியூர் போனால் யாருக்கும் புரியாது. பொறுமை இருப்பவர்கள் அதற்கே போகலாம்; மற்றவர்களுக்கு, ஹாலிலும் சமையலறையிலும் மட்டும், மேலே சொன்ன அமைப்புகளோடு, தள்ளுபடி விலையில் எக்கோ டாட் வாங்கலாம். முழு விலைக்கு வேண்டாம். படுக்கையறைக்கும் பிள்ளைகள் அறைக்கும் எந்த விலையிலும் வேண்டாம்.

விற்கும்போதோ, வாடகை வீட்டைக் காலி செய்யும்போதோ, முதலில் ஆப்பில் டீரெஜிஸ்டர் செய்து கருவியை உங்கள் கணக்கிலிருந்து நீக்குங்கள். பிறகு டாட்டின் மேலே புள்ளி போட்ட ஆக்‌ஷன் பொத்தானைச் சுமார் 25 விநாடி, ஆரஞ்சு விளக்கு வரும்வரை அழுத்திப் பிடித்தால் கருவியில் இருப்பது அழியும். சர்வரில் இருக்கும் பதிவுகள் அதனால் அழியாது. அவற்றைப் பிரைவசி பக்கத்தில் தனியாக நீக்க வேண்டும். போர்டுக்குள் இருக்கும் மாட்யூல்களை விட்டுப்போவதாக இருந்தால் அவற்றையும் உங்கள் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்துக் குடிவருபவரின் படுக்கையறை லைட் உங்கள் போனில் தெரிந்துகொண்டே இருக்கும். புதிதாகக் குடிபோகும் வீட்டில் ஓனர் மாட்டிவைத்த மாட்யூல் இருந்தாலும் இதே வேலைதான்: ரீசெட் செய்து உங்கள் கணக்கில் சேர்த்தபிறகே சாமான்களை இறக்குங்கள்.